மாப்பிள்ளை வீட்டுச் சத்தம்

சாயங்காலம் ஆறரை ஆனால் என் அப்பா முகம் கழுவி, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். டிவி பார்க்கக் கிளம்புகிறார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் டிவி இல்லாமல் இல்லை. போன தீபாவளிக்கு நான் வாங்கிய நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் தங்கை வீட்டுக்கு நடந்து போய், அங்கே இருக்கிற முப்பத்திரண்டு இஞ்சில் ஏழு மணி சீரியலையும் ஏழரை மணி சீரியலையும் பார்த்துவிட்டு, எட்டேகாலுக்குத் திரும்பி வருவார். நான்கு மாதம் இது நடந்தது. அந்த நான்கு மாதமும் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

பெற்ற பெண் வீடுதானே, இதில் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. மகன் இருக்கும்போது அப்பா தினமும் போய்ப் பெண் வீட்டில் உட்கார்ந்தால், மகன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரு முடிவு கட்டிவிடும். மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கே யோசிக்கிற ஆள் அவர். தங்கைக்குக் குழந்தை பிறந்த புதிதில்கூட ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, காபி வருவதற்குள் எழுந்து வந்தவர். சட்டை போட்டுக்கொண்டு போவதும் அந்த மரியாதைக்காகத்தான். என் வீட்டில் லுங்கியும் பனியனும் போதும். மாப்பிள்ளை வீட்டுக்கு என்றால் காலர் மடங்கக் கூடாது. அந்தச் சட்டையைத் துவைத்து, இஸ்திரிக்காரரிடம் கொடுத்து வாங்கி வைப்பது என் மனைவி. இதையும் சொல்லி வைக்கிறேன்.

டீக்கடைக்காரர் ஒரு நாள் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார். “இன்னாபா, உங்க நைனா பொண்ணு வூட்டோட செட்டில் ஆயிட்டாரா? டெய்லி டிப்டாப்பா போய்கினு கீறாரே.”

“சொம்மா, டிவி பாக்க போறாரு” என்றேன்.

“ஏன், உன் வூட்ல கரண்ட் இல்லியா?”

நானும் சிரித்தேன். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பிரஸ் மிஷின் ஓட்டியவர். இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியாக அடிக்கும் மிஷின். வேலை விட்டு வந்தவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் பெரியதாக இருப்பது அதனால்தான். காது மந்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மந்தம் என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

பின்பக்கம் மூட்டை மாதிரி புடைத்திருந்த பழைய டிவியில் சத்தம் முன்னால் வரும். அது இருந்தவரை நைனா என் வீட்டில்தான் சீரியல் பார்த்தார். புதிய டிவி தட்டையாக, அழகாக இருக்கிறது. ஆனால் அதன் சத்தம் பின்பக்கமாக வந்து சுவரில் மோதி, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கொழகொழவென்று கேட்கிறது. நைனாவுக்காக அறுபது வரை வைத்தோம். எதிர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. என் மனைவிக்குத் தலைவலி. நைனாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. “இன்னா சொல்றா அவ?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் பதில் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் தங்கைக்கு நெத்திலி கொடுத்துவிட்டு வரப் போனவர், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

“மாப்ள டிவிய பாட்டு செட்டோட சேத்து வுட்டுகீறாருடா. ஒரு வார்த்த வுடாம கேக்குது” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் டிவியைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில், குளிர்சாதன கன்டெய்னர்களின் மிஷின் பழுது பார்க்கிற வேலை. சட்டைப் பையில் பேனா இருக்குமோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்து பைசா வாங்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். என்னை “மச்சான்” என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஏதாவது ஒரு கெட்ட குணம் இருந்தால் நானும் திட்டித் தீர்த்து நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த உதவியையும் அவர் எனக்குச் செய்யவில்லை.

நான் துறைமுகத்துக்கு எதிரில் ஓர் ஆபீசில், கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் பண்ணுகிறவன். டிகிரி படித்தவன். நைனா என்னைப் படிக்க வைத்ததே கையில் கிரீஸ் படாத வேலைக்கு நான் போக வேண்டும் என்றுதான். கிரீஸ் படவில்லை. இப்போது கிரீஸ் பட்ட கை வைத்திருக்கிறவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எப்படி இருக்கும்?

என்னிடமும் ஒரு பாட்டு செட் இருந்தது. முதல் போனஸில் வாங்கியது. நடுவில் கேசட்டும் சிடியும் போடுகிற பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். வாங்கிய காலத்தில் தெருவே அசந்துபோன சரக்கு. இப்போது பீரோ மேல் துணி போர்த்திக் கிடந்தது. அதை இறக்கி, துடைத்து, டிவியோடு சேர்த்துவிட்டால் நைனா வீட்டோடு இருந்துவிடுவார். மாப்பிள்ளையால் முடிந்தது என்னால் முடியாதா என்று ஒரு வெறி.

“இதுக்கு இன்னாத்துக்கு மல்லுகட்டிகினு கீற? மாப்ளைக்கு ஒரு போன் போட்டா ரெண்டு நிமிசத்துல மாட்டிட்டு போவாரு” என்றாள் மனைவி.

“அவரு வந்து மாட்டணும்னா அந்த டிவிய அவரு வூட்லயே குடுத்துடலாம்” என்றேன். அவள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரம் வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

முதல் நாள் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை உள்ள ஒயர் வாங்கி வந்தேன். செட்டின் பின்னால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஓட்டை இருந்தது. டிவியைச் சுவரிலிருந்து சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே அந்த வட்ட ஓட்டையே இல்லை. மூடி போட்ட சின்னச் சதுரம் ஒன்று இருந்தது. மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். ஏதோ எரிந்துபோகப் போகிறது என்று பயந்து டிவியை அணைத்துவிட்டேன்.

மறுநாள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கல்மண்டபம் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெற்கத்திக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள்.

“ஒயரு சேராதுல்லா. இதுல சத்தம் வெளிச்சமா வருது. அத மறுபடி சத்தமா மாத்தணும். அதுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கு” என்று தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். “வீட்டுல தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காவளா, மாட்டிக் குடுக்க?”

“நானே மாட்டிக்குவேன்” என்றேன். அவர் கேட்டது வேறு அர்த்தத்தில் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

மாட்டினேன். செட்டைப் போட்டதும் வடை சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரே இரைச்சல். ஒயரைக் கழற்றி மாட்டினேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதே இரைச்சல். அன்று நைனா சட்டையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனார். தரையில் குப்புறப் படுத்து டிவிக்குக் கீழே தலையை விட்டிருந்த என்னிடம், “மாப்ளய வேணா வரச் சொல்லட்டா?” என்றார். நான் வேலை மும்முரத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று சாயங்காலம் போனது. டிவியின் செட்டிங்கில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், சத்தத்தை எந்த வகையில் வெளியே அனுப்புவது என்று கேட்கிற இடம் ஒன்று அகப்பட்டது. அதில் பிசிஎம் என்று இருந்ததைத் தொட்டேன். இரைச்சல் சட்டென்று நின்று, சோப்பு விளம்பரத்துப் பெண் என் கூடத்தில் நின்று பேசுகிற மாதிரி பேசினாள். நான் தனியாக உட்கார்ந்து கையைத் தட்டினேன். உடனே தங்கை வீட்டு எண்ணைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது? உன் புருஷனை ஜெயித்துவிட்டேன் என்றா?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். இரண்டு ஸ்பீக்கரையும் டிவிக்கு இரு பக்கமும் ஸ்டூல் போட்டு வைத்தேன். டேப் பிடித்து அளந்து, நைனாவின் நாற்காலியை இரண்டுக்கும் சரியான நடுவில் போட்டேன். ஸ்டீரியோ என்றால் நடுவில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம். ஏழு மணிக்கு நைனாவை அழைத்து உட்கார வைத்தேன். அன்று அவர் இன்னும் சட்டை மாட்டியிருக்கவில்லை.

சீரியல் பாட்டு ஆரம்பித்ததும் அவர் புருவம் உயர்ந்தது. “ஜோரா கீதே” என்றார். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மாமியார் பேசினாள், மருமகள் பேசினாள். நைனா முன்னுக்குச் சாய்ந்தார். நாற்காலியில் இப்படியும் அப்படியும் அசைந்து உட்கார்ந்தார். நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். விளம்பரம் வந்ததும் அவர் எழுந்தார்.

“நல்லாகீதுபா” என்றார். என் தோளில் ஒரு தட்டு தட்டினார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

செட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததற்கு அன்று நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சண்டைதான் போட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, இது சத்தம் பற்றிய விஷயமே இல்லை. அவருக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது, என்னைப் பிடிக்கவில்லை. டிவி ஒரு சாக்கு. அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு வாரம் நைனாவோடு சரியாகப் பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்த மாதிரியும் இல்லை.

அடுத்த ஞாயிறு பொறுக்க முடியாமல் ஒரு தூக்கில் வஞ்சிரக் குழம்பை ஊற்றிக்கொண்டு நானே தங்கை வீட்டுக்குப் போனேன். நைனா போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. குழம்பு சாக்கு. அந்த வீட்டில் அப்படி என்ன செட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். தங்கை கதவைத் திறந்தாள். கூடத்தில் நைனா நான் வந்ததைக் கவனிக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலிக்கு இடப்பக்கம், காதுக்கு ஒரு முழ தூரத்தில், ஸ்டூல் மேல் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தது. இன்னொரு ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் ஒயரே இல்லை. சத்தமும் பெரிதாக இல்லை. சமையலறையில் குக்கர் விசில் அதைவிடப் பலமாகக் கேட்டது. வீட்டில் மூன்று பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிற அளவுதான்.

“அந்த இன்னொரு பாக்ஸ் இன்னா, ரிப்பேரா?” என்று கேட்டேன். எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம்.

“ரிப்பேர் இல்லண்ணா. அது இருந்தா நைனாக்கு கொழப்பமா கீதுன்னு அவரு கயட்டி வச்சிட்டாரு. நைனாக்குதான் வலது காது சுத்தமா இல்லியே” என்றாள் தங்கை.

நான் அவளையே பார்த்தேன்.

“உனுக்குத் தெரியாதா?” என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அதுதான் மோசம்.

பிரஸ் மிஷின் இருந்தது நைனாவின் வலப்பக்கம். அந்தக் காது வேலையில் இருக்கும்போதே போய்விட்டதாம். சொன்னால் மிஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கம்பெனியில் மறைத்தாராம். அங்கே மறைத்து மறைத்து வீட்டிலும் சொல்லாமலே விட்டுவிட்டார். தங்கையிடமும் அவர் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னது மாப்பிள்ளை.

“பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சுடுச்சாம். வலது பக்கம் குந்திகினு ரெண்டு மூணு கேள்வி கேட்டாராம், நைனா பதிலே சொல்லல. எழுந்து இந்தாண்ட வந்து குந்தினாராம், பேச ஆரம்பிச்சுட்டாராம்” என்றாள்.

அது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. அன்று அவர் நடுவில் எழுந்து இடம் மாறி உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். ஃபேன் காற்றுக்காக மாறுகிறார், பெரிய சொகுசுக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது உயிரோடு இருந்த அம்மாவிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். வந்த முதல் நாளே அரை மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்ததை, நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் எதிரில் நின்று ஏதாவது சொன்னால் நைனா முகத்தை வலப்பக்கமாகத் திருப்பிக்கொள்வார். என் பேச்சு பிடிக்காமல் திருப்பிக்கொள்கிறார் என்று எத்தனை வருஷம் மனதுக்குள் கறுவியிருக்கிறேன். கேட்கிற காதை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை எழுதும்போது, அந்த நிமிடம் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. எனக்குத் தெரியாமல் போனதே என்கிற வெட்கத்தைவிட, அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே அதிகம் எரிந்தது. தங்கை கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு, நைனாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து டேப்பையெல்லாம் தூக்கிப் போட்டேன். வலது ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி அதைப் பீரோ மேல் ஏற்றினேன். இடது ஸ்பீக்கரை நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வலது காதைக் கையால் அடைத்துக்கொண்டு, வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்தேன். ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி கேட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். “உனுக்கு இத்தினி நாளா தெரியாதா?” என்றாள் அவளும். சோறு போடும்போது இடப்பக்கமாக வந்துதான் அவள் அவரிடம் பேசுவாளாம்.

திங்கட்கிழமை ஆறரைக்கு நைனா முகம் கழுவிவிட்டு வந்தார். “இன்னிக்கு மட்டும் இங்க ஒக்காந்து பாரு நைனா” என்று இடப்பக்கம் போய் நின்று சொன்னேன். கத்தாமல் சொன்னேன். முதல் தடவையிலேயே கேட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்கு வலப்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சீரியல் ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. முன்னுக்குச் சாயவில்லை. மருமகள் ஏதோ சொன்னதற்கு, நாங்கள் எடுத்துச் சொல்லாமலே, அவராகவே சிரித்தார். முதல் விளம்பரம் வந்தது, எழுந்திருக்கவில்லை. இரண்டாவது விளம்பரத்தில் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“மாப்ள வந்து மாட்டினாரா?”

“இல்ல நைனா, நான்தான் மாட்டினேன்.”

“அதான பாத்தேன்” என்று தலையை ஆட்டினார். “அவரு கை வச்சா தனிதான்.”

நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. எழுந்து கேட்கிற காதுப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் ஸ்பீக்கர் இருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்தால்தான் என் குரல் அவருக்குக் கேட்கும். செட் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. குமிழ் மேல் கையும் வைத்துவிட்டேன். அதற்குள் விளம்பரம் முடிந்து மாமியார் பேச ஆரம்பித்துவிட்டாள், நைனா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.